தட்டைத் தட்டினால் திடுக்கிடுகிறானே, பிறகு எதற்கு பெரா டெஸ்ட்?

கேள்வி: என் பேரன் பிறந்து ஒன்பது வாரம் ஆகிறது. நிறைமாதம்தான், சிசேரியன். மஞ்சள் காமாலைக்காக இரண்டு நாள் லைட்டின் கீழ் வைத்திருந்தார்கள். பிறந்த மறுநாள் காதில் ஏதோ சின்னக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு காதுக்கும் 'ரெஃபர்' என்று எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது வலது காது பாஸ், இடது காது மறுபடியும் ரெஃபர். இப்போது காது கேட்பதை இன்னும் விவரமாகப் பார்க்கும் பெரா டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். மருமகள் அழுதுகொண்டே இருக்கிறாள். நான்தான் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டினால் திடுக்கிடுகிறான். என்னைக் கண்டால் சிரிக்கிறான். என் சின்ன மகனும் மூன்று வயதில்தான் பேசினான், இன்று நன்றாக இருக்கிறான். எங்கள் பரம்பரையில் யாருக்கும் காது மந்தம் கிடையாது. பெராவில் தலையில் வயர் ஒட்டி கரண்ட் வைப்பார்கள், மயக்க மருந்து கொடுப்பார்கள் என்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கு இது தேவையா? ஒரு காது கேட்டால் போதாதா? மூத்த பேத்திக்கு மூன்றரை வயது. கூப்பிட்டால் பாதி நேரம் திரும்புவதில்லை, டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்காருகிறாள். அவளுக்குப் பிறந்தபோது எந்தச் சோதனையும் செய்யவில்லை. அவளுக்கும் பார்க்க வேண்டுமா?

பதில்: அம்மா, வணக்கம். முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெரா எடுங்கள். இந்த வாரமே தேதி வாங்குங்கள். பேரனுக்கு மூன்று மாதம் நிறைவதற்குள் அது முடிந்துவிட வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று, நான்கு வாரம் இருக்கிறது. அதனால் பதற வேண்டியதில்லை. தள்ளிப்போடவும் நேரமில்லை.

நீங்கள் தட்டைத் தட்டிப் பார்த்ததில் தவறு ஒன்றுமில்லை. பிள்ளைமேல் அக்கறை உள்ள எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை எதைச் சொல்கிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் பேரனுக்கு வலது காது பாஸ் ஆகியிருக்கிறது. குழந்தை திடுக்கிட ஒரு காதே போதும். இடது காதில் எதுவுமே விழாவிட்டாலும் வலது காது அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்ளும், உடம்பு முழுவதும் தூக்கிப்போடும். ஆக, சந்தேகம் எந்தக் காதின் மேலோ அந்தக் காதைப் பற்றித் தட்டும் கரண்டியும் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கிட்டத்தில் தட்டும்போது எழும் சத்தம் 80 டெசிபலைத் தாண்டிவிடும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு, குசுகுசுவென்று பேசுவது 30. குழந்தை மொழி கற்றுக்கொள்வது தட்டுச் சத்தத்தை வைத்து அல்ல, பேச்சை வைத்து. அதிலும் நம்மை நேராகப் பார்க்காமல், பக்கத்து அறையிலிருந்து பாதி காதில் விழும் பேச்சிலிருந்து அது நிறையக் கற்கிறது. பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடும் குழந்தைக்கு அந்தப் பேச்சு கேட்காமல் போகலாம். சிரிப்பைப் பொறுத்தவரை, உங்கள் முகம், உங்கள் வாசனை, தூக்கும் கையின் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் அவனைச் சிரிக்க வைக்கின்றன. காது கேளாத குழந்தையும் இரண்டு மாதத்தில் சிரிக்கும், 'ங்கா' சொல்லும். வித்தியாசம் பிறகுதான் தெரியவரும். ஏழெட்டு மாதத்தில் மற்றக் குழந்தைகள் 'பாபாபா', 'மாமாமா' என்று எழுத்துகளைக் கோக்கத் தொடங்கும்போது, கேளாத குழந்தையிடம் அது வராது, அல்லது மிகவும் தாமதமாக வரும்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் காதுச் சோதனைக்கு வந்த ஒரு பையனை இன்னும் மறக்கவில்லை. அவனுக்கு இரண்டேகால் வயது. கதவைச் சாத்தினால் திரும்புவான், வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவான். வீட்டில் எல்லோரும் பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டியிருந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் தடித்த, தாழ்ந்த ஒலிகள் அவனுக்கு ஏறக்குறைய சரியாகவே கேட்டன. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் விழவில்லை. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் பால், கால், தாள் மூன்றும் அவனுக்கு ஒரே 'ஆ'. இரண்டு வருடமாக அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், ஆனால் அதில் பாதி எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. அவன் அம்மா அன்று என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இவ்வளவு நாள் திட்டிக்கொண்டே இருந்தேனே?" அந்தக் கேள்வியை இன்னொரு அம்மா கேட்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி அந்தச் சின்னக் கருவியைப் பற்றி. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் பகுதிக்கு காக்ளியா என்று பெயர். அதில் மயிரிழை போன்ற நுனிகளைக் கொண்ட செல்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் வெளிவரிசைச் செல்கள் ஒலி வந்து சேர்ந்ததும் தாமே சுருங்கி நீண்டு அதைப் பெருக்கிக் கொடுக்கும். அந்த அசைவில் மிக மெல்லிய ஓர் எதிரொலி காதிலிருந்து வெளியே திரும்பி வருகிறது. காது ஒலியை வாங்கும் உறுப்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது ஒலியைத் திருப்பி அனுப்பவும் செய்கிறது என்பதை 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் அளந்து காட்டினார். உங்கள் பேரனின் காதில் வைத்த கருவி செய்வது அதைத்தான்: 'டிக் டிக்' என்று ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலி வருகிறதா என்று பார்ப்பது. இதை ஓ.ஏ.ஈ. என்பார்கள். எதிரொலி வந்தால் பாஸ். வராவிட்டால் ரெஃபர்.

ரெஃபர் என்பதற்கு 'இன்னும் விவரமாகப் பார்க்க வேண்டும்' என்பது மட்டுமே பொருள். அந்தச் சொல்லை யாரோ உங்கள் மருமகளிடம் 'ஃபெயில்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். கருவி அனுப்பும் ஒலி உள்ளே போகவும் வேண்டும், எதிரொலி அதே வழியில் வெளியே வரவும் வேண்டும். பிறந்த முதல் நாள், இரண்டாம் நாள் குழந்தையின் காதுக் குழாயில் கருப்பையின் மெழுகுப் படலமும் நடுக்காதில் நீரும் தங்கியிருப்பது சாதாரணம். சிசேரியனில் பிறந்த குழந்தைகளிடம் முதல் நாட்களில் இது கூடுதலாகவே தென்படும். முதல் தடவை இரண்டு காதும் ரெஃபர் ஆகி, மூன்று வாரத்தில் வலது காது தெளிந்தது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். முதல் சோதனையில் ரெஃபர் ஆகும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கடைசியில் ஒன்றும் இருப்பதில்லை. பிறவியிலேயே நிரந்தரக் கேள்விக் குறைபாடு இருப்பது 1000 குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்குத்தான்.

ஆனால் இடது காது இரண்டாம் தடவையும் தெளியவில்லை. அங்கே இன்னும் நீர் இருக்கலாம், அல்லது உள்காதிலேயே குறை இருக்கலாம். ஓ.ஏ.ஈ. கருவியால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்லத்தான் பெரா.

மஞ்சள் காமாலையை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். லைட்டின் கீழ் வைத்ததோடு இறங்கிய காமாலை காதைப் பொதுவாகத் தொடுவதில்லை. ரத்தத்தையே மாற்றும் அளவுக்கு ஏறிய காமாலைதான் செவிநரம்பைப் பாதிக்கக்கூடியது. அப்போது காக்ளியா நன்றாகவே வேலை செய்யும், ஓ.ஏ.ஈ. பாஸ் ஆகும், ஆனால் நரம்பு வழியாகச் செய்தி ஒழுங்காக மூளைக்குப் போகாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் இருந்த குழந்தைகளுக்கு ஓ.ஏ.ஈ.யோடு நிறுத்தக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். காமாலை அளவு எழுதிய தாள் உங்களிடம் இருக்கும், அதையும் எடுத்துப் போங்கள். எப்படியும் பெராவில் இரண்டு காதையும் பார்ப்பார்கள், வலது காதின் பாஸும் அப்போது உறுதியாகிவிடும்.

இப்போது உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். பெராவில் குழந்தையின் உடம்புக்குள் கரண்ட் போவதில்லை. நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஸ்டிக்கர் போன்ற சின்னப் பட்டைகளை ஒட்டுவார்கள். காதில் மென்மையான ஒரு குமிழை வைத்து ஒலி கொடுப்பார்கள். ஒலி உள்ளே நுழைந்து, நரம்பில் ஏறி, மூளைத்தண்டைக் கடக்க நூறில் ஒரு நொடி ஆகிறது. அந்தப் பயணத்தில் குழந்தையின் நரம்புகள் தாமாகவே உண்டாக்கும் மின்துடிப்பைத்தான் அந்தப் பட்டைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தத் துடிப்பு ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைவிடவும் சிறியது. அவ்வளவு சின்னதைப் பிடிப்பதற்காக ஆயிரக்கணக்கான தடவை ஒலியைக் கொடுத்து, கிடைத்த பதிவுகளை எல்லாம் சேர்த்துச் சராசரி எடுக்கிறது கணினி. திரையில் ஐந்து சின்ன மேடுகள் வரும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போகும்போது ஐந்தாவது மேடுதான் கடைசி வரை நிற்கும். அது எந்த அளவில் மறைகிறதோ அதை வைத்துத்தான் குழந்தைக்கு எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று கணிக்கிறோம்.

இதற்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். கழுத்துத் தசை கொஞ்சம் இறுகினாலே அந்தச் சின்னத் துடிப்பு மூழ்கிப்போகும். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு வயிறு நிறைந்தால் போதும், தானாகத் தூங்கிவிடும், மருந்து வேண்டியதில்லை. ஆறு மாதம், எட்டு மாதம் என்று தள்ளிப்போனால்தான் தூங்க மருந்து கொடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வரும். மயக்க மருந்துக்குப் பயந்து காத்திருக்கிறீர்கள் என்றால், காத்திருப்பதுதான் அந்த மருந்தைக் கூட்டிக்கொண்டு வரும்.

போகும் அன்று வழியில் தூங்கவிடாதீர்கள். இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம், வண்டி ஆடினாலே கண் சொருகும். யாராவது ஒருவர் அவனோடு விளையாடிக்கொண்டே வர வேண்டும், அந்த வேலை உங்களுடையதாக இருக்கட்டும். கொஞ்சம் பசியோடு கொண்டுபோய், பட்டைகளை ஒட்டிய பிறகு அங்கேயே மருமகளைப் பாலூட்டச் சொல்லுங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம், பட்டை ஒட்டாது. சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். பாதியில் விழித்துவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், அதை வைத்து மனம் தளர வேண்டாம்.

அங்கே இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். ஒன்று, 'கிளிக்' ஒலியை மட்டும் வைத்து முடிக்காமல் தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று தனித்தனியாகப் பார்ப்பார்களா? கிளிக் மட்டும் பார்த்தால் பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளின் நிலைதான் தெரியும். மற்றொன்று, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்தும் பார்ப்பார்களா? நடுக்காதைத் தாண்டி நேராக உள்காதுக்குப் போகும் வழி அது. காது வழியாகக் கொடுத்தால் குறைவாகவும் எலும்பு வழியாகக் கொடுத்தால் சரியாகவும் வந்தால், குறை பெரும்பாலும் நடுக்காதில்தான், நீரால் என்றால் அது இறங்கியதும் சரியாகும். செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரியும் கூடவே எடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதை 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு எடுக்கும் 226 ஹெர்ட்ஸில் எடுத்தால் பிஞ்சுக் காதில் நீர் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக்கூடும்.

'ஒரு காது போதாதா' என்று கேட்டிருக்கிறீர்கள். அமைதியான அறையில், பக்கத்தில் நின்று பேசினால் போதும். ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிவது இரண்டு காதிலும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தாலும் அளவு வித்தியாசத்தாலும்தான். ஒற்றைக் காதுக்காரருக்கு அது குழம்பும், சாலையில் நடக்கும்போது அது சின்ன விஷயமில்லை. இரைச்சலான வகுப்பில் டீச்சர் பேசுவதைப் பிரித்தெடுப்பதும் சிரமம். படிப்பில் பின்தங்கும் சிலரைச் சோதிக்கும்போது ஒரு காது குறைவது அப்போதுதான் தெரியவருகிறது. அதைவிட எனக்குக் கவலை வேறு. ஒரு காதில் தொடங்கும் குறை சில குழந்தைகளுக்கு நாளடைவில் மற்றக் காதுக்கும் போகிறது. கருவில் இருக்கும்போதே சி.எம்.வி. என்ற வைரஸ் தொற்றியிருந்தால் இப்படி ஆவதுண்டு. தாய்க்கு அது பெரும்பாலும் தெரிந்தே இருக்காது. பிறந்து மூன்று வாரத்துக்குள் உமிழ்நீரையோ சிறுநீரையோ பார்த்தால் அது பிறவித் தொற்றா என்று உறுதியாகச் சொல்லலாம். உங்கள் பேரனுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது, ஆனாலும் பெராவில் குறை தெரிந்தால் டாக்டரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள்.

ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. இந்தக் கணக்கைத்தான் நாங்கள் வைத்திருக்கிறோம். இதன் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிகளில் முக்கியமானது 1998-ல் அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் குழுவினரும் வெளியிட்டது. கேள்விக் குறைபாடுள்ள 150 குழந்தைகளைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி தொடங்கப்பட்டவர்கள் 72 பேர், பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 78 பேர். முதல் கூட்டத்தின் மொழி தெளிவாக முன்னே இருந்தது. குறை லேசானதா கடுமையானதா என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தாலும் அதே முடிவுதான். அது இரண்டு காதும் பாதித்த குழந்தைகளைப் பற்றியது, உங்கள் பேரனின் நிலைக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவன் எந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்பதே பெரா எடுத்தால்தான் தெரியும்.

சின்ன மகன் மூன்று வயதில் பேசியதைப் பற்றி: பேச்சு தாமதமாக வரும் குழந்தைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவருக்குக் காது கேட்டது. அந்த மூன்று வருடமும் மொழி உள்ளே போய்க்கொண்டேதான் இருந்தது. உள்ளே போகாமல் கழியும் மூன்று வருடம் வேறு.

'எங்கள் பரம்பரையில் கிடையாது' என்று எழுதியதில் மருமகளைக் குறிப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவர் அதை அப்படிக் கேட்டிருக்கலாம். நிரந்தரக் கேள்விக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோரின் பெற்றோருக்கு நன்றாகக் காது கேட்கும். மரபணு காரணமாக இருந்தாலும் பெரும்பாலும் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் சேர்ந்தால்தான் வெளிப்படும், ஒன்று மட்டும் இருப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. இரண்டு குடும்பமும் தலைமுறை தலைமுறையாக அறியாமலே அதைச் சுமந்து வந்திருக்கலாம். இதில் ஒரு பக்கத்தார் குற்றம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அவர் சாப்பிட்டதாலோ நடந்ததாலோ வந்ததும் இல்லை. இதை நான் சொல்வதைவிட நீங்கள் உங்கள் வாயால் அவரிடம் சொன்னால் அந்த அழுகை பாதி நிற்கும்.

பெராவில் எல்லாம் சரி என்று வந்தால் மகிழ்ச்சி. அப்போதும் பேச்சு வளர்ச்சியைக் கவனித்து வாருங்கள், பிறகு வரும் குறைபாடுகளும் உண்டு. நீர்தான் என்றால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். நிரந்தரக் குறை என்று வந்தால், எந்த அளவு என்பதைப் பொறுத்து அடுத்த வழி. காது கேட்கும் கருவியைப் பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கும் பொருத்தலாம். காது வளர வளர, காதுக்குள் வைக்கும் அச்சை மட்டும் அடிக்கடி மாற்றிக்கொண்டே வர வேண்டும். அதையெல்லாம் முடிவு வந்த பிறகு பேசுவோம், இப்போதே சுமக்க வேண்டாம்.

மூத்த பேத்தியைக் கட்டாயம் பாருங்கள். தம்பியின் காது எப்படி இருந்தாலும் இவளைப் பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளே போதும். இந்த வயதில் அதிகம் பார்ப்பது சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் தங்கும் நீர். அது ஒரு வாரம் மந்தமாக்கும், மறு வாரம் விட்டுவிடும். அதனால்தான் பாதி நேரம் திரும்புகிறாள், பாதி நேரம் திரும்புவதில்லை, வீட்டில் 'வேண்டுமென்றே செய்கிறாள்' என்று பேர் வந்துவிடுகிறது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும், வடியாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அவளுக்கு வயரும் தூக்கமும் தேவைப்படாது. மூன்றரை வயதில் விளையாட்டாகவே சோதிக்கலாம்: தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, 'பீப்' என்று கேட்டால் ஒரு கட்டையை எடுத்துக் கூடையில் போடச் சொல்வோம். ஒலியை மெல்ல மெல்லக் குறைத்து, இரண்டு காதுக்கும் தனித்தனியாக, நான்கைந்து சுருதிகளில் பார்த்துவிடலாம். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே வீட்டில் பழக்கிக் கொண்டுபோனால் பெரிய உதவி. கட்டையைக் கன்னத்தருகே பிடித்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். அவள் உங்கள் வாயைப் பார்க்காதபடி பின்னால் உட்கார்ந்துகொண்டு மெதுவாக 'பூ' என்று சொல்லுங்கள். கேட்டதும் போட வேண்டும், கேட்கும் வரை பொறுக்க வேண்டும். இரண்டு நாள் விளையாடினால் பிடித்துக்கொள்வாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் தேதி கொடுத்தால், தம்பி தூங்கும் நேரத்தில் அக்காவுக்கு ஆள் வேண்டும், வீட்டில் இன்னொருவரையும் கூட்டிப் போங்கள்.